சென்னைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பட்டியல்: எது உள்ளே, எது வெளியே?

தேவகி, மதுரை (கேள்வி)

வணக்கம். ஒரு பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் நிற்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று முதல் 2000 வரை அது ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளை ஒழுங்காகத் தொகுக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் காட்சி ஊடகம் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டு வருகிறார்கள். எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று எக்செல்லில் ஒரு தாளைத் திறந்துவிட்டேன்.

பெயர் சேர்ப்பதில் சிரமமே இல்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஒளியும் ஒலியும், எதிரொலி, வயலும் வாழ்வும், சித்ரஹார், ஹம் லோக், ராமாயணம், மகாபாரதம், ஜங்கிள் புக், ஜுனூன், ஞாயிற்றுக்கிழமை படம். எல்லாமே அவர்களுக்கு "சென்னை டிவியில பார்த்தது". சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை ஓடியது. ராமானந்த் சாகர் இந்தியில் எடுத்தது, தில்லியிலிருந்து நாடு முழுக்கப் போனது. அதைச் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சி என்று எழுதலாமா? எழுதாமல் விட்டால் என் அம்மாவே பட்டியலை நம்ப மாட்டார்.

ஞாயிறு படம் ஒரு நிகழ்ச்சியா? அப்படியென்றால் அதில் காட்டிய ஒவ்வொரு படத்தையும் எழுத வேண்டுமா? தமிழ்ச் செய்திகள் உள்ளே வருமா? காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு? அதை மறந்தவர் யாரும் இல்லை. ஆனால் அது நிகழ்ச்சியா, அறிவிப்பா? என் சித்தப்பா "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையையும் சேர்க்கச் சொல்கிறார், அதிக நேரம் ஓடியது அதுதானாம்.

பெயர் வேறு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி, செயற்கைக்கோள் வழியாக வந்த டிடி-5, அப்புறம் பொதிகை, 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ். இதையெல்லாம் ஒரே ஒளிபரப்பாளர் என்று கொள்வதா, தனித்தனியா?

பட்டியல் போட்டுப் பழகியவர்கள், அந்தக் காலத்து ஒளிபரப்பை அருகில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோபி, கோவை

நான் தனியார் சேனல்களின் தொடர்களைப் பட்டியல் போட்டுப் பழகியவன். அங்கே நான் வைத்திருக்கும் விதி சுருக்கமானது. அந்தச் சேனலுக்காக எடுக்கப்பட்டு, அந்தச் சேனலில் முதலில் வந்தது மட்டும் உள்ளே. மறு ஒளிபரப்பு, வேறு மொழியிலிருந்து குரல் மாற்றி வந்தது, சினிமா, விளம்பரதாரர் காசு கொடுத்து வாங்கிய நேரம் எல்லாம் வெளியே.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாபாரதமே போதும். 2013-ல் சன் டிவி தமிழிலேயே ஒரு மகாபாரதத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஸ்டார் பிளஸ்ஸின் இந்தி மகாபாரதம் தமிழ்க் குரலோடு விஜய் டிவிக்கு வந்தது. பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால், பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு எது யாருடையது என்று தெரியாது.

வடிவம் ஒன்று, சேனல் வேறு என்ற சிக்கலும் உண்டு. சன் டிவியில் 2000-ல் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன், விஜய் டிவியில் 2012-ல் சூர்யா தொடங்கிவைத்த நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி, கலர்ஸ் தமிழில் 2019 கடைசியில் ராதிகாவுடன் வந்த கோடீஸ்வரி. மூன்றும் ஒரே வெளிநாட்டு விளையாட்டின் வாரிசுகள். மூன்றையும் மூன்று பதிவாகத்தான் போட வேண்டும். விசுவின் அரட்டை அரங்கம் சன் டிவி; அவரே ஜெயா டிவிக்குப் போய் நடத்தியது மக்கள் அரங்கம். ஆள் ஒருவர்தான், நிகழ்ச்சி இரண்டு.

உங்கள் விஷயத்தில் ராமாயணம், மகாபாரதம், சித்ரஹார், ஹம் லோக் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

ஆதாரத்துக்கு என் யோசனை: பிரசார் பாரதி ஆவணக்காப்பகத்தின் யூடியூப் பக்கத்தில் ஒரு பகுதியாவது கிடைத்தால் சேருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நினைவை நம்பிப் பட்டியல் போட முடியாது.

---

சிவராமன், திருவல்லிக்கேணி

தேவகி அம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு தமிழ் நாளிதழில் நெடுங்காலம் இருந்தவன். எண்பதுகளில் "இன்றைய தொலைக்காட்சி" என்று ஒரு சின்னக் கட்டம் போடுவோமே, அது என் பொறுப்பு. சேப்பாக்கத்தில் சிவானந்தா சாலை நிலையத்திலிருந்து வாரத்துக்கான தாள் தட்டச்சு செய்து வரும். அதை வெட்டிச் சுருக்கி ஒரு சாண் இடத்துக்குள் அடக்குவேன். உங்கள் பிள்ளைகள் ஆய்வுக்காக அந்தக் கட்டத்தைத்தான் தேடி எடுக்கப்போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கோபி தம்பியின் யூடியூப் யோசனை. அது வேண்டாம். அந்தக் காலத்தில் வீடியோ டேப் தங்க விலை. பதிவானதை அழித்து, அதன் மேலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்க நடந்தது. பிபிசியே 1960-களில் ஒளிபரப்பிய டாக்டர் ஹூ தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படச்சுருள் இன்று கையில் இல்லை. அதற்காக அவற்றை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. டேப் இருக்கிறதா என்பது பாதுகாப்புக்கு உரிய கேள்வி. நிகழ்ச்சி நடந்ததா என்பது வேறு.

இப்போது தில்லி விவகாரம். 1982 ஆகஸ்ட் 15-ல் தேசிய நிகழ்ச்சி வந்தது. அதற்கு முன் தினமும் எல்லா நிலையங்களும் ஒன்றாக ஒரே நிகழ்ச்சியைக் காட்டும் ஏற்பாடு கிடையாது. சென்னை தன் மாலையைத் தானே நிரப்பியாக வேண்டும். 82-க்குப் பிறகு மாலை இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி சென்னை, பின்பாதி தில்லி அஞ்சல், அதாவது தில்லியிலிருந்து வருவதை அப்படியே வாங்கிக் காட்டுவது. என் கட்டத்தில் பின்பாதியை ஒரே வரியில் முடித்துவிடுவேன். ஆகவே உங்கள் தாளில் 1982-ஐ ஒரு கோடாகவே போட்டுவிடுங்கள். கோட்டுக்கு முன்னால் வந்த பெயர்களில் சந்தேகம் அதிகம் வராது. பின்னால் வந்த ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். சிவானந்தா சாலையில் அந்த நிலையமே இல்லாதிருந்தால் இந்த நிகழ்ச்சி இருந்திருக்குமா? ராமாயணம் இருந்திருக்கும். ஹம் லோக் இருந்திருக்கும். ஞாயிறு படம், அது எப்படியும் தியேட்டரில் ஓடி முடித்த படம். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக 1984 முதல் பகலில் ஆங்கிலத்தில் வந்த பாடங்களும் அப்படித்தான். ஆனால் வயலும் வாழ்வும் இருந்திருக்காது. கண்மணிப் பூங்கா இருந்திருக்காது. காண்போம் கற்போம் இருந்திருக்காது. நேயர் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்ன எதிரொலி இருந்திருக்காது.

ஒளியும் ஒலியும்? கோபி தம்பி விதிப்படி பார்த்தால் அது சினிமா, வெளியே போக வேண்டும். நான் உள்ளே வைப்பேன். பாட்டுகள் ஊரார் சொத்து. ஆனால் வெள்ளிக்கிழமை இன்ன பாட்டுகள் என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் வைத்து, ஒரு நேரத்தில் போட்டார். அந்தத் தொகுப்பு நிலையத்துடையது. ஞாயிறு படத்துக்கு அப்படி ஒரு தொகுப்பு இல்லை. அது நேரம் மட்டும். நேரத்தை ஒரு வரியாகக் குறியுங்கள், படப்பெயர்களுக்குள் போகாதீர்கள். போனால் ஓய்வு பெறும்வரை வெளியே வர மாட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை நாடகம் இதைவிடக் குழப்பமானது. என் கட்டத்தில் "நாடகம்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவேன். இடமில்லை. ஆனால் வாரா வாரம் வேறு நாடகம், வேறு எழுத்தாளர், வேறு குழு. இது ஒரு நிகழ்ச்சியா, நூற்றுக்கணக்கானவையா? என் கருத்தில் செவ்வாய் நாடகம் என்பது ஒரு தலைப்பு. அதன் கீழே கிடைத்த நாடகங்களின் பெயர்களை உள்பட்டியலாக வையுங்கள். இவை அந்த நிலையத்தில் ஒருமுறை நடித்து முடிந்தவை. சினிமாவைப்போல வேறெங்கும் தேட முடியாது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

செய்திகளை ஒரே பதிவாகப் போடுங்கள், வாசித்தவர்கள் பெயரோடு. ஷோபனா ரவி, வரதராஜன் பெயரில்லாமல் அந்தப் பதிவு நிற்காது. காணாமல் போனவர்கள் அறிவிப்பை அதன் குறிப்பில் சேர்த்துவிடலாம். 1988 சுதந்திர தினத்தில் முதலில் வந்த தேசிய ஒருமைப்பாட்டுப் பாட்டான மிலே சுர் போன்றவை இடைவெளி நிரப்பிகள். அதில் பாலமுரளிகிருஷ்ணா வந்ததால் தமிழ் நிகழ்ச்சி ஆகிவிடாது. சித்தப்பாவின் அட்டைக்கு என் அனுதாபம் மட்டும்.

இப்படி வடிகட்டினால் ஒன்று நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். உங்களிடம் மூச்சு விடாமல் பெயர் சொன்னார்களே, அதில் பாதி பறந்துவிடும். மிஞ்சுவது விவசாயம், பள்ளிப் பாடம், கர்நாடக சங்கீதம், குழந்தைகள் நிகழ்ச்சி, கடிதம். "எப்போதுடா முடியும்" என்று நாம் காத்திருந்தவை. எங்கள் பத்திரிகைக்கே வயலும் வாழ்வும் பற்றி ஒரு வாசகர் கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. ராமாயணம் ஐந்து நிமிஷம் தாமதமானால் தொலைபேசி அலறும். ஆனால் சென்னை நிலையத்து ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்தது நெல்வயலைத்தான். பட்டியல் அலுப்பாகத் தெரிந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. கட்டத்தில் இருந்தது ஒளிபரப்பானது என்று நினைக்காதீர்கள். எம்.ஜி.ஆர் காலமானது 1987 டிசம்பர் 24 விடியற்காலை. அன்றைய நாளிதழின் அந்தப் பக்கம் முதல் நாள் இரவே அச்சுக்குப் போய்விட்டது. அதில் வழக்கமான வியாழக்கிழமை நிகழ்ச்சிகள் அச்சாகி இருக்கும். அதை நம்பி அன்று மாலை இன்னது ஓடியது என்று எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? துக்க நாட்களில் வீணையும் ஷெனாயும்தான். தேர்தல் முடிவு நாள், கிரிக்கெட் நீண்டுபோன நாள் இவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

---

ஜெபராஜ், தூத்துக்குடி

சிவராமன் அண்ணாச்சி சொன்னதற்கு எங்கள் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "சென்னை டிவியில் பார்த்தோம்" என்று தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லிவிட முடியாது. சென்னைக் கோபுரத்தின் அலை எங்கள் பக்கம் எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கை அரசின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும் கடற்கரை ஊர்களில் ஆண்டெனாவைக் கொழும்புப் பக்கம் திருப்பினோம். பெரியவர்களுக்கு டிவி என்றாலே ரூபவாஹினிதான்.

1984 வாக்கில் ஊர் ஊராகக் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் வந்தபோதும், அவை செயற்கைக்கோள் வழியாகத் தில்லியை நேராக எடுத்துக் காட்டியவை. சென்னை வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் பார்த்த வீட்டில் ராமாயணம் சென்னை நிலையத்தைத் தொடாமலே வந்து சேர்ந்தது. அதைச் சென்னைப் பட்டியலில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஜுனூனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தூர்தர்ஷனின் இரண்டாவது அலைவரிசையான மெட்ரோ சேனலில் வந்த இந்தித் தொடர்தான், ஒத்துக்கொள்கிறேன். தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் இந்தி உதட்டசைவுக்கு ஏற்ப வாக்கியத்தை முன்பின்னாகப் பேசப்போய், அந்தப் பேச்சு கல்லூரி விடுதி, மிமிக்ரி மேடை எல்லாம் பரவிவிட்டது. இன்றுகூட யாராவது வினைச்சொல்லை முன்னால் போட்டுப் பேசினால் "ஜுனூன் தமிழா" என்று கேட்கிறோம். தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு என்று எழுதிவிட்டு அதற்கு ஓர் இடம் இல்லை என்றால் எப்படி?

---

சிவராமன், திருவல்லிக்கேணி

ஜெபராஜ் தம்பி, இடம் கொடுக்கலாம், வீடு வேறு. மெட்ரோ தனி அலைவரிசை, அதற்குத் தனித் தாள். தேவகி அம்மா தாளில் "அலைவரிசை" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், ஜுனூனும் பிழைக்கும், சென்னை நிலையத்தின் கணக்கும் கெடாது.

ரூபவாஹினி விஷயம் எனக்குச் சுவையாக இருந்தது. எங்கள் பத்திரிகையின் தென்மாவட்டப் பதிப்பில் அதன் நிகழ்ச்சிகளையும் போடச் சொல்லி வாசகர்கள் கேட்டார்கள். தாள் யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

---

தேவகி, மதுரை

எல்லோருக்கும் நன்றி. சிவராமன் ஐயா, உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்ததில் முதல் தாளில் இருந்த பெயர்கள் மளமளவென்று குறைந்துவிட்டன. நீக்கவில்லை, பிரித்திருக்கிறேன். "தயாரிப்பு", "அஞ்சல்", "குரல் மாற்றம்" என்று மூன்று தாள். கோபி சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் முதலில் வந்த ஆண்டும் அலைவரிசையும். ஆதாரம் என்ற கட்டத்தில் நாளிதழ்த் தேதி இருக்கும். நேரில் பார்த்தவர் சொன்னது மட்டும் என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுவேன்.

பெயர் மாற்றத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துவிட்டேன். நிலையம் ஒன்று, பலகை மட்டும் மாறியது. ஆகவே ஒரே பட்டியல், பெயர் மாறிய ஆண்டுகள் தலைப்பில். செயற்கைக்கோள் வந்த பிறகு மற்றத் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் அது போனது என்பதைக் குறிப்பில் சொல்கிறேன், ஜெபராஜ் அண்ணனுக்காக. அம்மாவிடம் அஞ்சல் தாளைக் காட்டினேன். ராமாயணம் முதல் வரியில் இருந்ததால் பிரச்சினை தீர்ந்தது. மற்ற இரண்டு தாள்களை அவர் கேட்கவே இல்லை.

ஒன்றுதான் பாக்கி. தீபாவளி, பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகள். ஒருநாள் வந்து போனவை, பெயரும் "சிறப்பு நிகழ்ச்சி" என்றே இருக்கிறது. அடுத்த வாரம் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் நாளிதழ்க் கட்டுகளைப் பார்க்கப்போகிறேன். அங்கே எப்படித் தேடுவது?

---

சிவராமன், திருவல்லிக்கேணி

நல்லது அம்மா. சிறப்பு நிகழ்ச்சிகளைத் "தீபாவளி", "பொங்கல்", "புத்தாண்டு" என்று தலைப்பிட்டு ஆண்டுவாரியாக அடுக்குங்கள். பேட்டி கொடுத்தவர், பாடியவர் பெயர் இருந்தால் எழுதுங்கள், அதை வைத்துத்தான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டிலிருந்து பிரிக்க முடியும். சிறிய கட்டத்தில் அந்த விவரம் இருக்காது. பண்டிகை அன்றைய தாளில் சினிமா விளம்பரப் பக்கத்துக்குப் பக்கத்தில் தனியாகப் பெரிதாகப் போடுவோம், அதைப் பாருங்கள்.

பண்டிகை அன்று அச்சகத்துக்கு விடுமுறை, மறுநாள் பத்திரிகை வராது. அதனால் மறுநாள் நிகழ்ச்சிகளையும் பண்டிகைத் தாளிலேயே சேர்த்துப் போட்டுவிடுவோம். அந்தத் தேதிக்குக் கட்டில் தாள் இல்லையே என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள், முதல்நாள் தாளில் கீழ்ப்பாதியில் இருக்கும்.